தோள்பையும் தோள்காவடியும்

வெளிநாடு போய் வந்தவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதினால், அதில் வானளாவிய கட்டிடங்களும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் இடம்பெற வேண்டும். கடைசியில், "நம் நாடு என்றைக்கு இப்படி ஆகுமோ!" என்று ஒரு பெருமூச்சும் வர வேண்டும். இதுதான் வழக்கம். நானும் அப்படி ஒரு கட்டுரை எழுதும் எண்ணத்தோடுதான் புறப்பட்டேன். எழுத உட்கார்ந்தபோது வேறொன்றுதான் மனத்தை அரித்தது. அது நான் போட்ட ஒரு கையெழுத்து.

2024 நவம்பரில் நம் கல்லூரியில் ஒரு விண்ணப்பம் சுற்றுக்கு வந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். கல்லூரி வாயிலின் இரு புறமும் நிற்கும் தள்ளுவண்டிகளையும், தரையில் சாக்கு விரித்துக் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டிமார்களையும் அப்புறப்படுத்திவிட்டு, அங்கே புல்தரை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். "மாநகரக் கல்லூரிகளுக்கு நிகராக நம் கல்லூரியும் பொலிவு பெற வேண்டும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. யோசிக்காமல் கையெழுத்திட்டேன். அதற்கு முன் நான் எந்த மாநகரத்திலும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கியவன் அல்லன். என் அம்மா எங்கள் ஊர்ச் சந்தையில் கீரை விற்பவர் என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். அதையும் மறந்துதான் கையெழுத்திட்டேன்.

புறப்பாடு

கீரை விற்பவர் மகனுக்கு வெளிநாட்டுப் பயணமா என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இளங்கலை முடித்தபின் இரண்டு ஆண்டுகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். சம்பளம் வீட்டுக்கு, ஓவர்டைம் பணம் மட்டும் அஞ்சலகத்துக்கு. அந்தச் சேமிப்புதான் விமானமேறிற்று. பயணக் குழுவோடு போனால் கட்டுப்படியாகாது. ஆகவே முதுகில் ஒரு பை, அதில் மூன்று சட்டை, ஒரு லுங்கி, அம்மா கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். இணையத்தின் வழியே எடுத்த விசாவுக்கு 25 டாலர். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு, ஓர் இரவுக்கு நம் பணத்தில் 450 ரூபாய். இப்படிப் பயணம் செய்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில்தான் குறைவு.

வியட்நாமை நான் தேர்ந்தெடுத்ததற்கு வரலாற்று வகுப்பே காரணம். 1954இல் தியன் பியன் பூவில் பிரஞ்சுப் படையை வென்ற நாடு. 1973இல் அமெரிக்கப் படைகளைத் திரும்பிப் போகவைத்த நாடு. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்து, மறு ஆண்டு முறைப்படி ஒன்றான நாடு. இருபது ஆண்டுக்கு மேல் இரண்டாகப் பிளந்து கிடந்த அந்த நாட்டின் இரு தலைநகரங்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வடக்கே ஹனோய், தெற்கே சைகோன். சைகோனுக்கு 1976 முதல் ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆயினும் அங்குள்ளவர்கள் பேச்சில் அது இன்றும் சைகோன்தான். 2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஹனோய்

முதல் நாள் காலை ஒரு சாலையைக் கடக்க இருபது நிமிடம் நின்றேன். மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமாக வந்துகொண்டே இருந்தன. இடைவெளி வரும் வரும் என்று காத்திருந்தால் மாலை ஆகிவிடும் போலிருந்தது. என் திண்டாட்டத்தைக் கண்ட முதியவர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை, நிற்கவில்லை, பின்வாங்கவில்லை. ஒரே சீராக நடந்தார். பாறையைச் சுற்றி ஆறு விலகி ஓடுவதுபோல் வண்டிகள் எங்களைச் சுற்றிப் போயின. மறுகரையில் என்னை விட்டுவிட்டு, அவர் வந்த கரைக்கே திரும்பிப் போனபோதுதான் எனக்காகவே அவர் கடந்தார் என்பது புரிந்தது.

நான் போன வாரத்தில் அந்த ஊரே ஒரு புதிய ஆணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 2025 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த அந்த ஆணைப்படி, மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கை மீறினால் 40 இலட்சம் முதல் 60 இலட்சம் டோங் வரை அபராதம். நடைபாதையில் ஏறி ஓட்டினாலும் அதே தொகை. நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங் என்று கணக்கிட்டால், 13,000 ரூபாய்க்குக் குறையாது. நடைபாதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாகக் கருதும் அரசைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். பிறகு அந்த நடைபாதையிலேயே நடந்தபோது மகிழ்ச்சியோடு கேள்விகளும் பிறந்தன.

ஏனென்றால் ஹனோயின் பழைய நகரில் நடைபாதை என்பது நடப்பதற்கு மட்டும் உரிய இடமல்ல. சுவரில் கண்ணாடி மாட்டி முடி வெட்டுகிறார்கள். முழங்கால் உயரத்துக்கு நெகிழி முக்காலிகள் போட்டு, ஆவி பறக்கும் ஃபோ என்னும் அரிசிச் சேவைச் சூப்பைப் பரிமாறுகிறார்கள். முப்பத்தாறு தெருக்கள் என்று பேர்பெற்ற அந்தப் பகுதியில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கின் பெயர்: வெள்ளித் தெரு, தகரத் தெரு, சணல் தெரு என்று. நம் ஊர்களில் எண்ணெய்க்காரத் தெருவும் வளையல்காரத் தெருவும் இருப்பது போலத்தான். அந்தத் தெருக்களின் ஊடே, தோளில் மூங்கில் தண்டும் அதன் இரு முனையிலும் தொங்கும் கூடைகளுமாகப் பெண்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அதைக் கண்டதும் நாக்கில் வந்த சொல் காவடி. நாம் முருகனுக்கு எடுப்பதை அவர்கள் வயிற்றுக்கு எடுக்கிறார்கள். ஓலையால் பின்னிய கூம்புத் தொப்பி, நடைக்கேற்ப ஆடும் கூடைகள், ஒன்றில் பழம், மற்றொன்றில் தராசும் நெகிழிப் பைகளும். இவ்வளவுதான் கடை.

மூன்றாம் நாள் மாலை, இருட்டுகிற நேரம். ஒரு காவடிக்காரப் பெண்மணியிடம் ஆரஞ்சு கேட்டேன். என் அம்மாவின் வயதிருக்கும். மொழி தெரியாததால் அவர் செல்பேசியில் 50,000 என்று எழுதிக் காட்டினார். நான் அதை அழித்து 25,000 என்று எழுதினேன். அவர் சிரித்தபடி 45,000 என்றார். நான் போவதுபோல் இரண்டடி நடந்தேன். கூப்பிட்டார். முடிவில் ஒரு கிலோவை 30,000 டோங்குக்கு வாங்கினேன். நான் வென்றது 20,000 டோங். நம் பணத்தில் 67 ரூபாய். அவர் காசை எண்ணும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வெற்றி வீரனாக நடந்து, அடுத்த தெருவில் ஒரு காப்பிக் கடையில் ஏறி, முட்டை நுரை ஊற்றிய ஹனோய்க் காப்பி ஒன்றைக் குடித்தேன். விலை 45,000 டோங். அதை யாரிடமும் பேரம் பேசவில்லை. சுவரில் எழுதியிருந்த விலையைத் தலைகுனிந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு விடுதி மேசையில் இருந்த பெண்ணிடம் என் பேரத் திறமையைச் சொன்னேன். பகலில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு இரவில் வேலை பார்ப்பவர் அவர். "அந்த அம்மாவை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர்கள் மொழியில் 'நான்', 'நீ' என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் உறவுச் சொற்களே வழங்குகின்றன என்றார். அண்ணன், அக்கா, தம்பி, அத்தை, பாட்டி என்று முறை வைக்காமல் ஒரு வாக்கியம் பேசுவதே கடினமாம். "நாங்கள் முறை சொல்லிவிட்டுத்தான் விலை கேட்போம். நீங்கள் எண்ணை மட்டும் காட்டியிருக்கிறீர்கள்" என்றார். தெருவில் நிற்பவரை அக்கா என்றும் பாட்டி என்றும் அழைக்கும் நாட்டிலிருந்து போனவனுக்கு இந்தப் பாடம் அயல்நாட்டில் கிடைத்தது.

மேலும் அவர் சொன்னார்: இந்தப் பெண்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து மாகாணங்களிலிருந்து வருகிறவர்கள், நிலம் சிறிது, ஒரே அறையில் பலர் சேர்ந்து படுத்துக்கொண்டு, மிச்சம் பிடித்ததைப் பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் விடியுமுன் எழுந்து, லாங் பியன் பாலத்தருகே இருக்கும் மொத்தப் பழச்சந்தைக்குப் போனேன். அந்தப் பாலம் பிரஞ்சுக்காரர் 1899இல் கட்டத் தொடங்கி 1902இல் முடித்தது. அமெரிக்கக் குண்டுகளால் பலமுறை உடைந்து, பலமுறை ஒட்டப்பட்டது. அதன் அடியில், விளக்கு வெளிச்சத்தில், பெண்கள் பெட்டி பெட்டியாகப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அனுமதி கேட்டு ஒரு காவடியைத் தோளில் வைத்துப் பார்த்தேன். பத்தடி நடப்பதற்குள் தண்டு எலும்பில் ஏறிற்று. என் முதுகுப் பையின் எடை ஏழு கிலோ. அதன் பட்டைக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூங்கிலுக்குப் பஞ்சு இல்லை.

ஹனோயில் இலக்கியக் கோயில் என்று ஓரிடம் உண்டு. 1070இல் கன்பூசியசுக்காக எழுப்பப்பட்டது. 1076இல் அங்கே அரசுக் கல்விச்சாலை தொடங்கியது. 1442 முதல் 1779 வரை நடந்த உயர்தேர்வுகளில் தேறியவர்களின் பெயர்களைப் பொறித்த 82 கல்வெட்டுகள், கல் ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. கற்றவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று மெய்சிலிர்த்தது. பிறகு ஒன்று தோன்றிற்று. பெண்கள் அந்தத் தேர்வுகளை எழுத அனுமதியில்லை. அந்தக் காலத்திலும் ஒரு மகன் தேர்வெழுதத் தலைநகர் வர, யாரோ ஒரு தாய் ஊரில் சுமை தூக்கியிருப்பாள் அல்லவா? ஆமை சுமப்பது கல்லை. அவள் சுமந்ததற்குக் கல் இல்லை. வெளிவாயிலில் அன்றும் இரண்டு காவடிகள் நின்றிருந்தன. உள்ளே பட்டமளிப்பு அங்கி உடுத்திய மாணவிகள் கூட்டங்கூட்டமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபோது மனம் சற்று ஆறுதலடைந்தது.

தொடர்வண்டியில்

ஹனோயிலிருந்து சைகோனுக்கு இருப்புப்பாதை 1,726 கிலோமீட்டர். 1936இல் முழுதாக இணைந்த பாதை. 1954இல் நாடு பிளந்ததும் அறுந்தது. 1976 டிசம்பர் இறுதியில்தான் மறுபடி வண்டி முழுத் தூரமும் ஓடிற்று. ஆறு படுக்கை அறையில் எனக்கு மேல்தட்டு. கீழே ஒரு தாத்தாவும் பாட்டியும் பேரனும். பாட்டி எனக்கு வேகவைத்த சோளக் கதிர் கொடுத்தார்; நான் ஊறுகாய் கொடுத்தேன். தாத்தா ஒரு துண்டு வாயிலிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாட்டை இரண்டாக்கிய பென் ஹாய் ஆற்றை வண்டி தாண்டியபோது தாத்தா சன்னலைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னார், புரியவில்லை. ஆனால் அது ஒரு சிறிய ஆறு. இவ்வளவு சின்ன ஆற்றின் பெயரால் அவ்வளவு இரத்தமா என்று நான் நெடுநேரம் தூங்கவில்லை.

சைகோன்

ஹனோய் பழுத்த பாட்டி என்றால் சைகோன் பட்டணத்து இளைஞன். எங்கும் அவசரம். 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் ஓடும் நகரம் அது. ஆற்றங்கரையில் 461 மீட்டர் உயரத்தில் 81 மாடிக் கட்டிடம் நிற்கிறது. 2018இல் கட்டி முடித்தது. 2024 டிசம்பர் 22இல்தான் அந்நகரின் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. 2012இல் தொடங்கிய வேலை, ஜப்பானியக் கடனுதவியில் பன்னிரண்டு ஆண்டு இழுத்து, 19.7 கிலோமீட்டரில் 14 நிலையங்களோடு முடிந்திருக்கிறது. முதல் ஒரு மாதம் கட்டணமில்லை என்றதால் ஊரே திரண்டு ஏறிற்று. நானும் ஏறினேன். பேரக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த கிழவிகள், சன்னலோரம் நின்று தங்கள் ஊரை முதன்முறை உயரத்திலிருந்து பார்த்தார்கள். இந்தக் கட்டுரையில் நான் மாடிக் கட்டிடங்களையும் இரயிலையும் பழிக்க வரவில்லை. அந்தக் கிழவிகளின் முகத்தைப் பார்த்தவன் பழிக்க மாட்டான்.

போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்கும் போனேன். 1975 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வானிலிருந்து தெளித்த நஞ்சால் தலைமுறை தாண்டியும் ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளின் படங்கள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. என் முன்னே நின்ற வெள்ளைக்கார முதியவர் ஒருவர் பாதி அறையில் வெளியேறிவிட்டார். நானும் முழுதும் பார்க்கவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு வல்லமை இல்லை.

பொங்கலன்று, பென் தான் சந்தையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பிரஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து உத்தியோகத்துக்குப் போன தமிழரும், வட்டிக்கடை வைக்கப் போன நகரத்தாரும் வாழ்ந்த ஊர் அது. 1975க்குப் பின் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். அம்மன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். இந்திய அம்மையின் கோயில் என்ற பொருளில் அவ்வூர் மக்கள் அதை அழைக்கிறார்கள். கற்றையாக ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். கருவறைக்குப் பின்னுள்ள கல்சுவரில் இரு கைகளையும் பதித்து முணுமுணுக்கிறார்கள். ஒரு சீட்டு விற்கும் பெண், சீட்டுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெற்றி சுவரில் பட நின்றாள். என்ன கேட்டாளோ? நம்மவர் கடன் கொடுத்துப் பெயரெடுத்த ஊரில், கடன்பட்டவர்களின் பேத்திமார்கள் நம் அம்மனிடம் வரம் கேட்கிறார்கள். வணிகம் செய்த நாம் போய்விட்டோம், வழிபாடு நின்றுவிட்டது. என் வரலாற்றுப் புத்தகத்தில் 'கடல் கடந்த தமிழர் பெருமை' என்று படித்தபோது, கொடுத்தவன் பக்கத்திலிருந்தே படித்திருந்தேன். வாங்கியவன் பக்கத்திலிருந்தும் ஒருமுறை படிக்க வேண்டும்.

என் கருத்து

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, 'மலிவு' என்ற சொல். என்னைப் போல் தோள்பையோடு திரிபவர்கள் இரவில் விடுதியில் கூடினால் பேச்செல்லாம் எது எங்கே மலிவு என்பதுதான். அங்கே நானும் இலட்சாதிபதி; பத்தாயிரம் ரூபாயை மாற்றினால் முப்பது இலட்சம் டோங். வாழ்நாளில் முதன்முறையாகப் பணக்காரன் ஆனேன். ஆன மூன்றாம் நாளே பணக்காரன் செய்வதைச் செய்தேன். ஒரு பொருள் நமக்கு மலிவாக இருக்கிறது என்றால் எங்கோ ஒருவர் கூலி குறைந்திருக்கிறது. திருப்பூரில் நான் செக்கிங் செய்த பனியனும் ஏதோ ஒரு நாட்டில் யாருக்கோ மலிவாகத்தான் போயிருக்கும். அதைத் தைத்த அக்காமார்களின் கண் எரிச்சலை நான் அருகிலிருந்து பார்த்தவன். இருந்தும் ஆரஞ்சு வாங்கும்போது மறந்தேன்.

ஊர் திரும்பி இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். "பேரம் பேசினது தப்பில்லடா. பேசாம வாங்கினா எனக்கே சந்தேகம் வரும். நீ எப்போ போய்க் கேட்டே?" என்றார். இருட்டுகிற நேரம் என்றேன். "அதான் தப்பு. காலையில கேட்டா அது பேரம். பொழுதடங்கி, மிச்சச் சரக்க வச்சிக்கிட்டு, வீட்டுக்குப் போகணும்னு நிக்கிறவகிட்ட கேட்டா அது பேரமில்ல, பிடுங்கறது" என்றார். பொருளியல் வகுப்பில் நான் கேட்காத பாடம் இது. இரண்டு பேரும் 'போகட்டும்' என்று விலகிப் போக முடிந்தால்தான் அது பேரம். ஒருவரால் மட்டுமே முடிந்தால் அதற்குப் பெயர் வேறு.

இரண்டாவது, மாநகரம் என்பது எது? நடைபாதையைத் துடைத்து எடுத்தால் அது மாநகரம் ஆகிவிடும் என்று எண்ணியவர்கள் அங்கேயும் உண்டு. 2008இல் ஹனோய் நிருவாகம் 62 தெருக்களில் தெரு வணிகத்தைத் தடை செய்தது. பதினாறு ஆண்டு கழித்து நான் போனபோதும் காவடிகள் இருந்தன. அதிகாரிகளின் வண்டி வந்தால் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுகிறார்கள், போனதும் திரும்புகிறார்கள். வயிற்றைத் தடை செய்யாமல் வணிகத்தை மட்டும் தடை செய்ய முடியாது. 2017இல் சைகோனின் மையப் பகுதியைச் சின்னச் சிங்கப்பூர் ஆக்குவதாகச் சொல்லி ஓர் அதிகாரி புல்டோசரோடு கிளம்பினார். செய்தித்தாள்கள் எல்லாம் அவர் படத்தைப் போட்டன. சிங்கப்பூர் ஆக்குவோம் என்பது நம் மேடைகளிலும் கேட்டுப் பழகிய சொல். ஆனால் சிங்கப்பூர் என்ன செய்தது? 1968, 69இல் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. 1971 முதல் 1986 வரை தண்ணீரும் சாக்கடையும் கூரையும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி, அவர்களை அங்கே குடியேற்றிற்று. அந்த அங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் ஏறிற்று. இடம் கொடுத்துவிட்டு எழுப்பியது சிங்கப்பூர். எழுப்புவதை மட்டும் படித்துக்கொண்டு, இடம் கொடுத்த பக்கத்தைக் கிழித்துவிடுகிறோம் நாம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. நம் வாயிலில் வண்டிகள் நடைபாதையை அடைப்பதால் மாணவியர் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். பேருந்து உரசிக்கொண்டு போகிறது. இது உண்மை. நடப்பவருக்கும் நடைபாதை வேண்டும். சைகோனில் 2024இல் மையப் பகுதித் தெருக்கள் சிலவற்றில் ஒரு வழி கண்டார்கள். நடைபாதையில் கோடு போட்டு, குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலத்தை நடப்பவருக்கு ஒதுக்கிவிட்டு, மீதத்தை வாடகை வாங்கிக்கொண்டு வியாபாரத்துக்கு விட்டார்கள். வாடகை கட்ட முடியாத காவடிக்காரிக்கு அங்கும் இடமில்லை என்பது அதன் குறை. ஆனால் கோடு என்ற யோசனை நல்ல யோசனை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று இருவரும் நிற்கலாம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடிக்கும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. அதன் பிறகும் இடம் மாற்ற வேண்டுமானால் முப்பது நாள் அறிவிப்பு தர வேண்டும். இதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நாம் எழுதிய விண்ணப்பத்தில் இதில் ஒரு வரியாவது உண்டா? நம் வாயிலில் உட்காரும் பாட்டியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையெழுத்திட்ட அன்று எனக்கும் தெரியாது. தேர்வுக் கட்டணத்துக்கு நாற்பது ரூபாய் குறைந்தபோது, "நாளைக்குக் குடு சாமி" என்று எடுத்துக் கொடுத்தவர் அவர் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவதாக, நண்பர்களுக்கு ஒன்று. பயணம் செய்யுங்கள். வியட்நாம் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்து மாவட்டமானாலும், யாரும் உங்களுக்காகக் காத்திராத ஓர் ஊருக்குப் போய் மூன்று நாள் நடந்து பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று அச்சடித்துத் தரும் பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அதிகாலைச் சந்தைக்குப் போங்கள். மொழி தெரியாத ஊரில் பிறர் தயவில் சாலை கடந்து பார்த்தால்தான், நம் ஊருக்குப் பிழைக்க வந்து மொழி தெரியாமல் நிற்கும் வடநாட்டுத் தொழிலாளியின் முகம் நமக்கு விளங்கும். இது எனக்கு நேர்ந்தது; ஆகவே சொல்கிறேன்.

ஊர் திரும்பிய வாரம், விண்ணப்பம் வைத்திருந்த நண்பரிடம் சென்று, பதினேழாவதாக இருந்த என் பெயரை என் கையாலேயே அடித்தேன். அவர் கோபித்துக்கொண்டார், பாதி நாள் பேசவில்லை. பிறகு அவரும் நானும் உட்கார்ந்து வேறொரு விண்ணப்பம் எழுதினோம். வாயிலின் முன் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு நடப்பவருக்குக் கோடு போட வேண்டும்; கோட்டுக்கு அப்பால் இப்போது இருப்பவர்களைக் கணக்கெடுத்து, சட்டப்படி சான்றிதழ் தர வேண்டும்; வெயிலுக்கு ஒரு கூரையும் குடிக்க ஒரு குழாயும் அமைக்க வேண்டும். மூன்றே கோரிக்கைகள். அதை நூலக மேசையில் வைத்திருக்கிறோம். முதலில் கையெழுத்திட வேண்டியவர்கள் அவர்களே என்று, கொய்யாக்காரப் பாட்டியிடம் எடுத்துப் போனோம். படிக்கத் தெரியாததால் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கூரை என்ற இடத்தில் மட்டும், "இன்னொரு தடவ படி" என்றார். பிறகு கட்டைவிரலை மையில் தோய்த்தார்.

அதன் கீழே இடம் இருக்கிறது. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் படித்துப் பார்த்து, சரியெனப் பட்டால் கையெழுத்திட வேண்டுகிறேன். என்னைப் போல் படிக்காமல் இட வேண்டாம்.